மிதப்பவர்கள் உள்ளே போகவும்

ஜூன் 3, திங்கள்

ஒருவர் எதற்குச் சிரிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எறிந்த கல் எங்கே விழும் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி கிளம்பியது டயாலிசிஸ் அறையில். வாரத்தில் மூன்று காலைகள், ஊசி குத்திய கையை அசைக்காமல் அங்கே சாய்ந்திருக்கிறேன். இடப்பக்க நாற்காலியில் ரஹ்மத், மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண், முப்பது வயது இருக்கும். வலப்பக்கம் இசக்கியப்பன் அண்ணாச்சி, டவுன் பஸ் டிரைவராக இருந்தவர். ஏறக்குறைய ஒரு வருடப் பழக்கம். பழக்கம் என்றால், வணக்கம் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

இன்று ரஹ்மத் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குலுங்கிச் சிரித்தாள். சிரித்ததில் கை மடங்கிவிட்டது. கை மடங்கினால் குழாய் நெருக்குப்படும். குழாய் நெருக்குப்பட்டால் மெஷின் கத்தும். ஜோஸ்லின் சிஸ்டர் ஓடி வந்து அலாரத்தை அமர்த்தி, "கை ஆட்டாதன்னு எத்தன தடவ சொல்லுறது?" என்றார். அவர் திரும்பி நடந்தார். அடுத்த பக்கம், மறுபடி அலாரம்.

"மிசினே சிரிச்சிட்டுல்லா," என்றார் இசக்கியப்பன். "நல்ல புத்தகம்தாம் போலுக்கு."

"அப்பம் இதையே சட்டமா வச்சிக்கிடுவோம் மாமா. ஒருத்தர் வாசிக்கணும். யாரு மிசின் கத்துதோ அவங்க அந்தப் புத்தகத்த வீட்டுக்குக் கொண்டு போயி படிச்சே ஆவணும்."

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. "இருமினா கணக்கில்லை. தும்மினாலும் கணக்கில்லை. சிரிப்பால கை மடங்கினா மட்டும்தான்," என்றேன். அளவீடு என்று வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. இருவரும் என்னை இப்போதுதான் முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அவள் படிப்பதெல்லாம் பூதம், பறக்கும் தட்டு, பேசும் மலை. அதிலும் நகைச்சுவையாம். ஒரு பூதம் நம்பும்படி இருந்தால் சிரிப்பு வராது. சிரிப்பு வந்தால் பூதத்தை நம்ப முடியாது. இரண்டும் சேர்ந்து எப்படி நிற்கும்?

ஜூன் 5, புதன்

போகவில்லை. மழை.

போர்வைகளைத் துவைத்து மாடியில் போட்டேன். மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. பெங்களூரிலிருந்து தம்பி பேசினான். சிறுநீரகம் பொருந்துமா என்று பரிசோதிக்க வருவதாக இருந்த தேதி தள்ளிப்போகிறதாம். அலுவலகத்தில் வேலை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

எடை போட்டதும் ஜோஸ்லின் சிஸ்டர் முகம் மாறிவிட்டது. ஒரு நாள் விட்டதற்கு உடம்பு முழுக்கத் தண்ணீர். "படிச்ச நீங்களே இப்பிடிப் பண்ணினா?" என்றார். படித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"என்ன டீச்சர், தாமிரவருணியக் குடிச்சிட்டியளா?" என்றார் இசக்கியப்பன்.

எனக்குக் கோபம் வந்தது. ரஹ்மத் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். 'மழையைக் கைது செய்த ஊர்'. அமைச்சர் விழாவில் அழைக்காமல் வந்த குற்றத்துக்காக ஓர் இன்ஸ்பெக்டர் மழையைப் பிடித்து லாக்கப்பில் அடைக்கிறார். எங்களுக்கு நீச்சல் தெரியாது என்று மற்ற கைதிகள் மனுக் கொடுக்கிறார்கள். மறுநாள் மழையைக் குடை பிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்து வருகிறார்கள். நிலையான முகவரி உண்டா என்கிறார் நீதிபதி. இல்லை என்கிறது மழை. அப்படியானால் ஜாமீன் கிடையாது.

இதில் என்ன இருக்கிறது? அபத்தம். நீதிபதி அடுத்ததாக, "குற்றவாளி கூண்டுக்கு உள்ளே நிற்கவும். ஏன் கூண்டுக்கு வெளியேயும் நிற்கிறீர்?" என்று கேட்டார்.

என் மெஷின் கத்தியது.

"டீச்சர் மாட்டிக்கிட்டாவ!" என்று இசக்கியப்பன் கத்தினார். இருமல் என்று சொல்லிப் பார்த்தேன். ரஹ்மத் புத்தகத்தை என் பையில் தானே திணித்துவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, காய்களைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு (பொட்டாசியம் இறங்க வேண்டும்) சும்மா புரட்டலாம் என்று உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது காய் கூழாகிவிட்டது. புத்தகம் முடிந்துவிட்டது.

ஒத்துக்கொள்கிறேன். பூதத்தை நம்பத் தேவையில்லை. பூதத்தைக் கையாளும் குமாஸ்தாவை நம்பினால் போதும். மழை பொய்தான். மழைக்குச் சிறையில் எண் கொடுத்து, தட்டும் தம்ளரும் கொடுத்து, தம்ளர் எப்போதும் நிறைந்திருப்பதைக் குற்றமாக எழுதுகிறாரே அந்த வார்டன், அவர் உண்மை. அவரை எனக்கு நேரிலேயே தெரியும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறார்.

மாலையில் சாரல். நனைந்துகொண்டே ஜங்ஷன் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். "காமெடியா, விண்வெளி மாதிரி எதாவது?" என்று கேட்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது. கடைக்காரர், "யாருக்கும்மா, பேரப் பிள்ளைகளுக்கா?" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது. 'கடைசி நிறுத்தம் வியாழன்' என்ற ஒன்றைக் கொடுத்தார். நடைபாதையில் நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் படித்தேன். யாராவது மாணவி பார்த்திருப்பாளோ என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

நாளைக்காகக் காத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்காக!

ஜூன் 10, திங்கள்

தோல்வி. புதிதாக வாங்கிய நாவலை அறிமுகப்படுத்தத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். சமூக விமர்சனம், அதிகார அமைப்பின் மீதான எள்ளல், அறிவியல் பிழைகளும் அவற்றின் பயன்பாடும். இசக்கியப்பன் குறட்டை விட்டார்.

"டீச்சர், பொண்ணு பாக்க வந்த எடத்துல சம்பளச் சான்றிதழ் காட்டுத மாதிரில்லா இருக்கு," என்றாள் ரஹ்மத். "நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. சும்மா ஒரு பக்கம் வாசிங்க. பிடிச்சா பிடிக்கட்டும்."

வாசித்தேன். சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதால் ஒரு டவுன் பஸ், 'மாற்றுப்பாதை' என்று எழுதிய அம்புக்குறிகளைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. அம்புகள் நிற்பதில்லை. வியாழன் கிரகத்துப் பக்கம் போய்விடுகிறது. நின்றிருந்த பயணிகள் எல்லாம் எடையிழந்து கூரையில் முட்டுகிறார்கள். கண்டக்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "மிதக்கிறவங்கல்லாம் உள்ள போங்க! நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு! படிக்கட்டுல யாரும் மிதக்கக் கூடாது!"

இசக்கியப்பன் கண்ணைத் திறந்தார். "டிரைவர் என்ன செய்தான்?"

"ஓட்டிக்கிட்டுதான் இருக்கார்."

"ரோடு இல்லைங்கிய. அப்பம் பிரேக்கு எதுல பிடிக்கும்?"

"பிடிக்காது அண்ணாச்சி. அங்கே உராய்வே கிடையாது."

"பெறவு நிறுத்தத்துல எப்பிடி நிப்பாட்டுவான்?"

நான் அடுத்த பத்தியை வாசித்தேன். எட்டுக் கை உள்ள ஒரு ஜீவன் வழியில் கை காட்டுகிறது. டிரைவர் நிறுத்தவில்லை. நிறுத்தத்தைத் தாண்டித் தூரத்தில் போய் நிறுத்துகிறார். அது எட்டுக் கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது.

இசக்கியப்பன் சிரித்த சிரிப்பில் மெஷின் மட்டுமல்ல, நாற்காலியும் சத்தம் போட்டது. "அப்பிடித்தாம்! அப்பிடித்தாம் செய்வோம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தார்.

நான் சொன்ன ஒரு புத்தகத்துக்கு ஒருவர் சிரித்தார். இத்தனை வருடம் வகுப்பெடுத்தும் இப்படி உள்ளங்கை வியர்த்ததில்லை.

சட்டப்படி புத்தகம் அவருடையது. ஆனால் அவர், "எனக்கு எழுத்துக் கூட்டித்தாம் வாசிக்க வரும். போர்டு வாசிச்ச ஆளு. நீங்களே வாசிங்க டீச்சர், இங்கன வச்சே கேக்கேன்," என்றார்.

ஜூன் 12, புதன்

இரண்டு அத்தியாயம். ஆறு அலாரம். இன்று எங்கள் மூவரையும் பிரித்து உட்கார வைக்கப்போவதாக சிஸ்டர் மிரட்டினார். கேலிக்கு இல்லை. ஆனால் மெஷினுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ரத்தத்தில் உப்பு அளவு பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்று ரஹ்மத்துக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டு, சிஸ்டர் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். இசக்கியப்பன் என் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்வளவு இருக்கு டீச்சர்?" என்றார்.

"பாதிக்கு மேல் இருக்கு."

"சரி. பஸ்ஸு ஊரு வந்து சேந்துட்டா என்னன்னு தெரிஞ்சிக்கிடணும். பெறவு நிறுத்திருவேன்."

"எதை?"

அவர் தன் கையில் ஓடும் குழாய்களைப் பார்த்தார். "இதத்தாம். வீட்டுல சொல்லலை. ஒரு தம்ளர் டீயை முழுசாக் குடிக்க முடியலை. எம் வீட்டுக்காரி பேச்சியம்மா பாவம், வெளிய பெஞ்சுல கெடக்கா வாரம் மூணு நாளும். ஓடாத வண்டிய ஷெட்டுல போட்டு எதுக்கு டீசல் ஊத்தணும், சொல்லுங்க."

மருத்துவக் காரணங்கள் ஏதோ சொன்னேன். நுரையீரலில் நீர், இதயம், பொட்டாசியம், எல்லாம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அறிமுக உரையைக் கேட்டது மாதிரி.

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் வந்து அவரிடம் பேசினார். "ஆமா ஐயா, சரி ஐயா," என்றார் இசக்கியப்பன். டாக்டர் போனதும் என்னைப் பார்த்து, "பெட்டிசன் போட்டுட்டியளாக்கும்?" என்றார். கோபமாக இல்லை.

ஜூன் 17, திங்கள்

அரை அத்தியாயம்தான் வாசித்தேன். தொண்டை சரியில்லை.

ஜூன் 19, புதன்

கால் அத்தியாயம். தொண்டை இன்னும் சரியாகவில்லை. நடுவில் வியாழனின் வாயு மண்டலம் பற்றிக் கொஞ்சம் விளக்கினேன். நிற்கத் தரையே இல்லாத கிரகத்தில் பஸ் நிலையம் எப்படிக் கட்டுவார்கள் என்பதை எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் பேசலாம், பேசினேன். "டீச்சர், பஸ்ஸ எடுங்க," என்றார் இசக்கியப்பன். ரஹ்மத்துக்கு விஷயம் தெரியும், நான்தான் சொன்னேன். அவள் தன் பங்குக்கு ஒவ்வொரு பத்தியையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. ஹார்லிக்ஸ் குடித்து வருடமாகிறது.

ஜூன் 21, வெள்ளி

தவறு செய்துவிட்டேனா என்று யோசிக்கிறேன். இல்லை, செய்யவில்லை.

எட்டுக்கை ஜீவன் பாஸ் காட்டும் இடம். எட்டுக் கையிலும் எட்டுப் பாஸ், எட்டுக் காலாவதித் தேதி. இசக்கியப்பன் மெஷின் விடாமல் கத்தியது. பாதியில் நான் புத்தகத்தை மூடியதும், "மூடுதியளா? அப்பம் குடுங்க," என்று கையை நீட்டினார்.

"நீங்க வாசிக்கிறதில்லைன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"மிசின் கத்திச்சா இல்லையா? இருமினேனா? தும்மினேனா? யாரு போட்ட சட்டம் டீச்சர்?"

நான் போட்ட சட்டம். ரஹ்மத் எனக்குக் கண் காட்டினாள், கொடுக்காதே என்று. ஆனால் ஒருவர் சிரித்துப் பெற்றதை எப்படி மறுப்பது? எழுத்துக் கூட்டி வாசிப்பவர். மிச்சமிருக்கும் பக்கங்களுக்கு அவருக்கு ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் இன்னொரு புத்தகத்தில் இழுத்துவிடலாம். கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன்.

அடுத்து என்ன? ஜலதோஷம் பிடித்த பூதம் ஒன்று புதையலைக் காவல் காக்கும் கதையை ரஹ்மத் வைத்திருக்கிறாள். தும்மினால் புதையல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். முதல் பக்கத்திலேயே பிடித்துவிடும் என்கிறாள்.

ஜூன் 22, சனி

கல்லூரி திறந்து முதல் முழு வாரம். ஆசிரியர் அறையில் துறைத் தலைவிக்கு மழையைக் கைது செய்த கதையைச் சொன்னேன். நான் வலிய வந்து பேசியதே அவருக்குத் திகைப்பு. "நல்ல குறியீடு," என்றார். சிரிக்கவில்லை. கையில் மெஷின் மாட்டாதவர்களை அளக்க வழியில்லை.

தமிழ்த்துறைப் புதுப்பெண் ஒருத்தி மட்டும் பின்னாலேயே வந்து, "மேடம், ஓட்டுப் பூத்துல வச்சு மழைக்கு அடையாள மை வைப்பாங்களே, அந்தப் புத்தகமா?" என்றாள். வராந்தாவில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மணி அடித்தது தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

வலப்பக்க நாற்காலி காலி.

ரஹ்மத் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். "அத ஏன் கேக்க தாயி. மவ வந்திருந்தா. அவகிட்ட நீட்டி வாசிக்கச் சொன்னாவ. அவ நல்லா நாடகம் மாதிரி வாசிப்பா. சனியும் ஞாயிறும் ஒரே கொண்டாட்டம்தான், தெருவே வந்து உக்காந்துட்டு. எட்டுக் கைக்காரன் எறங்கும்போது அழுதுட்டாவளே. நேத்து சாயந்திரம் புத்தகம் முடிஞ்சிட்டு. காலைல ஆசுபத்திரிக்கு எழுப்புதேன், வரல, எல்லாம் முடிஞ்சிட்டுங்காவ. என்ன முடிஞ்சிட்டுன்னு எனக்கு ஒண்ணும் ஓடலை."

அவர் வாசிக்கும் வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தேன். ஒரு வீட்டில் புத்தகம் எப்படி வாசிக்கப்படும் என்பது என் கணக்கில் வரவே இல்லை. நான் எப்போதும் தனியாக வாசிப்பவள்.

நாலு மணி நேரம் மெஷின்கள் சத்தமே போடவில்லை. ஜோஸ்லின் சிஸ்டர் இரண்டு தடவை வந்து குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

ஜூன் 25, செவ்வாய்

வகுப்பை மாற்றிவிட்டு ரஹ்மத்தையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் தச்சநல்லூர் போனேன். அழைக்காமல் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை.

கட்டிலில் படுக்க முடியாமல், இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமும் கால்களும் வீங்கியிருந்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு. பேச்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வாங்க டீச்சர். முடிவு சரியில்ல கேட்டியளா," என்றார்.

நான் தயாரித்துப் போயிருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "எது சரியில்லை?"

"ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸ ரிவர்ஸ்லயே கொண்டு வந்துட்டாம்லா. அவ்வளவு தூரத்த. எந்த டிரைவரும் செய்ய மாட்டாம். எழுதினவனுக்கு சோம்பல்."

"அது சோம்பல் இல்லை! அம்புக்குறி எல்லாம் ஒரே திசையைத்தானே காட்டுது? அதுக்கு எதிராகத் திரும்பினா சட்டப்படி குற்றம். அதனாலதான் பஸ்ஸைத் திருப்பாம பின்னாலேயே வர்றான். அதுதான் நகைச்சுவையே!" நான் சத்தம் போட்டேன். வேறொருவர் வீட்டில், நோயாளி முன்னால், ஒரு கற்பனைப் பஸ்ஸுக்காக.

"என்னமும் சொல்லுங்க. எனக்குச் சிரிப்பு வரலை."

"அப்ப இதைவிட நல்லதா ஒண்ணு காட்டுங்க!"

ரஹ்மத் பிடித்துக்கொண்டாள். "ஆமா மாமா, ஒங்க முறைதானே. புத்தகம் எடுத்தவங்க அடுத்த புத்தகம் கொண்டு வரணும். சட்டம்." அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே நின்றபடி உண்டாக்கினாள். "நானும் டீச்சரும் ஒங்க புத்தகத்துக்காகக் காத்துக் கெடக்கோம். நாளைக்கு வாசிக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல."

"நான் எங்க போவேன் புத்தகத்துக்கு?" என்றார். பிறகு சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்து, "எனக்குச் சொல்ல வந்துட்டிய. அன்னைக்கு ஒரு புதன்கிழம நீங்க வந்தியளா? எங்கன பெஞ்சிச்சு மழை?" என்றார்.

அன்று மாடியில் போட்ட போர்வைகள் மதியத்துக்குள் காய்ந்துவிட்டன. பேச்சியம்மாள் எங்களுக்கு மட்டும் டீ கொண்டு வந்தாள். நானும் ரஹ்மத்தும் ஆளுக்கு ஒரு மடக்குக்கு மேல் குடிக்க முடியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அவர் அந்த இரண்டு முழுத் தம்ளர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது, "புத்தகம் எதுவானாலும் சரி. ஆனா அறிமுக உரை வேண்டாம். அதில் நீங்க தூங்கிடுவீங்க," என்றேன். நான் வேடிக்கையாக ஒன்று சொல்ல முயன்றது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பிக்கு நானே போன் செய்தேன். எந்தத் தேதியில் வருகிறாய், எனக்கு அது தெரிய வேண்டும் என்று கேட்டேன். "இப்பத்தான்க்கா நீ வாயத் தொறந்து கேக்க," என்றான்.

நாளை இசக்கியப்பன் வரமாட்டார். மனிதர்களைச் சிரிக்க வைத்துப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. வந்தால்... வரமாட்டார்.

ஜூன் 26, புதன்

நடந்தது இது. எங்கள் இருவருக்கும் ஊசி குத்தியாயிற்று. பாதி நேரம் போயிற்று. கதவுப்பக்கம் பார்ப்பதில்லை என்று இருந்தேன். அப்போது சக்கர நாற்காலிச் சத்தம். பேச்சியம்மாளும் மகளும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உடனே மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து மெஷினில் போட்டார்கள். ஜோஸ்லின் சிஸ்டர் அவரைத் திட்டவே இல்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. எங்கள் முறை முடிந்தும் ரஹ்மத்தும் நானும் போகாமல் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மகளிடம் சைகை காட்டினார். அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் அட்டையைப் பார்த்து வாங்கினாளாம். தாடிக்கார மந்திரவாதி ஒருவர் ஆகாயத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிற படம். மகள் வாசிக்கட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டார்.

"எம் முறை. நாந்தாம் வாசிப்பேன்."

முதல் வரியில் விரலை வைத்தார். எழுத்து எழுத்தாக. ஒரு சொல், மூச்சு, அடுத்த சொல். மந்திரவாதிக்குத் தூக்கம் வராத வியாதி என்பது தெரிவதற்குள் மெஷின் அவர் உடம்பிலிருந்து அரை லிட்டர் நீரை எடுத்துவிட்டது. பக்கம் முடிவதற்குள் சிஸ்டர் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டார். ஆனால் யாரும் நகரவில்லை. மந்திரவாதி தூங்குவதற்காக ஒரு கிராமத்தையே மெதுவாகக் கொட்டாவி விட வைத்திருந்தான்.

"மாமா, இந்த வேகத்துல போனா இது முடியக் கார்த்திகை ஆயிரும்," என்றாள் ரஹ்மத்.

அவர் நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பி, அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"ஆவட்டும்," என்றார்.